பயிற்சிக் கட்டணத்துக்குப் பங்குத் தொகையை எடுக்கலாமா?

வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கடிதம் எழுதியவர் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சரி. அவர் சொன்னதன் சுருக்கம் இது.

10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் 2022இல் பதிவான நிறுவனம். 412 உறுப்பினர்கள். பெரும்பாலும் நிலக்கடலை, காய்கறி போடுபவர்கள். சுமார் 40 பேருக்குச் சொந்த நிலம் இல்லை. குத்தகைக்குப் பயிர் செய்கிறார்கள், அல்லது ஆடு வளர்க்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மானியத்தில் போட்ட சொட்டுநீர்க் குழாய்கள் இரண்டே வருடத்தில் அடைத்துக்கொண்டன. கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகவில்லை என்று பலர் குழாயைச் சுருட்டி மோட்டார் அறையில் போட்டுவிட்டு மறுபடி வாய்க்கால் பாசனத்துக்கே போய்விட்டார்கள்.

இந்த நேரத்தில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் வந்திருக்கிறது. சொட்டுநீர்ப் பராமரிப்பு, நீர்வழி உரமிடுதல் பற்றி 60 பேருக்கு நகரத்தில் தங்கிப் படிக்கும் 3 நாள் பயிற்சி. ஆளுக்கு ரூ.4,800. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் ரூ.3,39,840. பாதி முன்பணம். சான்றிதழ் அரசு அங்கீகாரம் பெற்றது, அடுத்த வருடம் முதல் அது இல்லாதவர்களுக்கு மானியம் கிடைக்காது, கட்டிய பணம் பிறகு உறுப்பினர் வங்கிக் கணக்குக்கே திரும்ப வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். 60 பேரின் ஆதார், பாஸ்புக் நகல்களையும் வாங்கிப் போயிருக்கிறார்கள். நிறுவனத்தின் சி.இ.ஓ., வங்கியில் சும்மா கிடக்கும் ஈட்டுப் பங்கு மானியம் (உறுப்பினர்களின் பங்குத் தொகைக்கு ஈடாக அரசு போட்ட பணம்) ரூ.6,18,000இலிருந்து எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார். அதே குழுவில் இருக்கும் கடிதக்காரரின் கொழுந்தனார், 'எல்லாம் போன்லயே இருக்கு, பயிற்சி எதுக்கு' என்கிறார்.

அவர் கேட்பது நான்கு. மானியத் தொகையை இதற்கு எடுக்கலாமா? பயிற்சி நடத்த அரசிடம் நேரடியாகப் பணம் வாங்க முடியுமா? பக்கத்து எண்ணெய் ஆலை சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தருவதாகச் சொல்கிறதே, வாங்கலாமா? பட்டா இல்லாத உறுப்பினர்கள் விட்டுப்போவார்களா?

சகோதரி, முன்பணக் காசோலையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியவை சில உண்டு, எதற்கும் பெரிய செலவு இல்லை.

அந்த ரூ.6,18,000 யாருடைய பணம்

பயிற்சி கொடுப்பது உங்கள் நிறுவனத்தின் வேலையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 2013இல் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. அதன் 378பி (378B) பிரிவு, இப்படிப்பட்ட நிறுவனம் என்னென்ன செய்யலாம் என்று வரிசைப்படுத்துகிறது. உறுப்பினர்களுக்குத் தொழில்நுட்பச் சேவை, ஆலோசனை, பயிற்சி தருவது அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆகவே உறுப்பினர் பயிற்சிக்கு நிறுவனம் செலவு செய்யலாம். எந்தப் பணத்திலிருந்து என்பதில்தான் சிக்கல்.

ஈட்டுப் பங்கு மானியம் உங்கள் உறுப்பினர்கள் போட்ட பங்குத் தொகைக்குச் சமமாக அரசு போட்ட பணம். ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் ரூ.2,000, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் ரூ.15 லட்சம் என்பது திட்ட விதி. நிறுவனத்தின் மூலதனத்தைப் பெருக்கி, வங்கி கடன் கொடுக்கத் தயங்காத நிலைக்குக் கொண்டுவருவதற்காகத்தான் அதைத் தருகிறார்கள். அதற்கு ஈடான பங்குகள் உறுப்பினர்கள் பெயரில் ஏற வேண்டும். உங்கள் சி.இ.ஓ. சொல்வதுபோல அது 'சும்மா கிடக்கும்' பணம் இல்லை. கடலை வாங்கிப் பருவம் பார்த்து விற்க நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது, மேலாளர் முதலில் புரட்டும் பக்கம் அதுதான். அதில் பாதிக்கு மேல் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தால் அவர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள்.

மானியம் வாங்கும்போது நிறுவனம் கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரம் அலுவலகக் கோப்பில் இருக்கும். நோக்கத்துக்கு மாறாகச் செலவானால் என்ன ஆகும் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். சட்டத்தின் 378டி (378T) பிரிவையும் சி.இ.ஓ.வுக்குக் காட்டுங்கள். சட்டத்துக்கோ நிறுவனத்தின் சங்க விதிகளுக்கோ முரணான தீர்மானத்துக்கு வாக்களித்த இயக்குநர்கள், அதனால் நிறுவனத்துக்கு வரும் இழப்பைச் சேர்ந்தும் தனித்தனியாகவும் ஈடுகட்ட வேண்டும் என்கிறது அது. சம்பளத்துக்கு வந்த சி.இ.ஓ. நாளை வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார், கேள்வி உங்களிடம்தான் வரும். கூட்டத்தில் இந்தத் தீர்மானம் எப்படியும் வந்தால், எதிர்த்து வாக்களித்ததைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். சும்மா மௌனமாக இருந்துவிட்டு வந்தால் போதாது.

இதே திட்டத்தில் முதல் மூன்று வருடத்துக்கு ரூ.18 லட்சம் வரை நிர்வாகச் செலவும் தருகிறார்கள். 'அதிலிருந்து எடுக்கலாமே' என்ற யோசனையும் வரும். அது சி.இ.ஓ., கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை, பயணம் போன்றவற்றுக்கானது. உறுப்பினர் பயிற்சிக் கட்டணம் அதில் சேராது.

பயிற்சி நிறுவனம் சொன்னவை

சான்றிதழ் இல்லாவிட்டால் மானியம் இல்லை என்பதற்கு அரசாணை எண்ணும் தேதியும் கேளுங்கள். இருந்தால் கொடுக்கட்டும். தமிழ்நாட்டில் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100%, மற்றவர்களுக்கு 75% மானியம். அதற்கு நில ஆவணமும் சிறு விவசாயிச் சான்றும் கேட்பார்கள். மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழை அல்ல.

சான்றிதழ் சட்டப்படியே தேவைப்படும் வேலைகளும் உண்டு. டிரோன் இயக்க 2021 டிரோன் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் படித்து வாங்கிய சான்று வேண்டும். நிறுவனம் உரக்கடையோ பூச்சிமருந்துக் கடையோ திறந்தால், உரிமத்துக்குப் படிப்புத் தகுதி வேண்டும். அங்கே காசு கொடுத்துப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறது. தன் வயலில் தன் குழாயைக் கழுவுவதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

'அரசு அங்கீகாரம்' என்பதையும் சோதித்துவிடலாம். திறன் பயிற்சிச் சான்றிதழ் என்றால் அதில் பணிப் பெயர், அதன் குறியீட்டு எண், தர நிலை, சான்று வழங்கும் அமைப்பு எல்லாம் இருக்கும். அந்த அமைப்புக்குத் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் ஏற்பு இருக்க வேண்டும். விவசாயத் துறையில் இந்திய வேளாண் திறன் குழுமம் இதைச் செய்கிறது. நுண்ணீர்ப் பாசனத் தொழில்நுட்பர் என்றே ஒரு பணி அவர்கள் பட்டியலில் இருக்கிறது. மூன்று நாளில் முடிகிற படிப்பு இல்லை அது. இந்த நிறுவனம் எந்தக் குறியீட்டுக்குப் பயிற்சி தருகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பணம் திரும்ப வரும் என்பதுதான் எனக்கு நெருடுகிறது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் பயிற்சி பெறுபவரிடம் கட்டணமே வாங்கக் கூடாது, அரசு தரும் செலவுத் தொகை பயிற்சி மையத்துக்குத்தான் போகும். அப்படியிருக்க, உங்களிடம் கட்டணம் வாங்கிவிட்டு 60 பேரின் ஆதார் நகலும் எதற்கு? ஒரே பயிற்சிக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குகிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அப்படிச் செய்ய வழி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒருவேளை அந்தப் பெயர்கள் எங்காவது 'ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்' என்று ஏறிவிட்டால், பிறகு உண்மையான இலவசப் பயிற்சிக்குப் போகும்போது உங்கள் ஆட்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும். நகல்களைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இனி யார் கேட்டாலும் முதல் 8 இலக்கம் மறைந்த ஆதார் நகலே கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே அதை எடுக்க முடியும்.

அப்புறம் அந்த 18%. விவசாயிகளுக்குக் கல்வி, பயிற்சி மூலம் வேளாண் அறிவியலைக் கொண்டுசேர்க்கும் விரிவாக்கச் சேவைக்கு, 2017இல் வந்த ஜி.எஸ்.டி. விலக்கு அறிவிக்கையிலேயே (எண் 12/2017) விலக்கு இருக்கிறது. சொட்டுநீர்ப் பராமரிப்புப் பயிற்சி அதற்குள் வரும் என்பது என் கருத்து. ரூ.51,840 எந்தத் தலைப்பில் வசூலிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

60 பேருக்கும் மூன்று நாளா?

பணம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, யாருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதைத்தான். பெரும்பாலும் அதைக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். எதிரே வந்த நிறுவனம் என்ன பொட்டலம் வைத்திருக்கிறதோ அதுவே தேவையாகிவிடும்.

உங்கள் ஊரில் குழாய் ஏன் அடைத்தது? கடிதத்தில் மூன்று காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. போர் தண்ணீர் உப்பு என்கிறீர்கள். சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்கிறீர்கள். அது சுண்ணாம்புப் படிவு, அமிலம் விட்டுத்தான் கரைக்க முடியும். சிலர் டி.ஏ.பி. உரத்தைக் கரைத்து வென்சுரி (உரக் கரைசலைப் பாசன நீரில் உறிஞ்சிச் சேர்க்கும் கருவி) வழியே விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது முழுதாகக் கரையாது, மிச்சமெல்லாம் குழாய்க்குள் போய் உட்காரும். நீரில் முழுதும் கரையும் உரங்களை மட்டுமே அந்த வழியில் விட வேண்டும். மூன்றாவது, வடிகட்டியைத் திறந்து கழுவியதே இல்லை. போய்ப் பாருங்கள், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தமானிகளில் ஒன்று உடைந்திருக்கும். உடையாமல் இருந்தாலும் இரண்டு முள்ளுக்கும் வித்தியாசம் கூடினால் கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் பெரும்பகுதிக்கு ஒரு காலைப் பொழுது போதும், அதுவும் வயலில். மோட்டாரை ஓடவிட்டு, லேட்டரல் குழாயின் (செடி வரிசையோடு ஓடும் சிறு குழாய்) கடைசி மூடியைக் கழற்றினால் செம்மண் நிறத்தில் கலங்கல் பீய்ச்சும், பிறகு பழுப்பு, பிறகு மெல்ல மெல்லத் தெளியும். ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தவருக்கு மாதம் ஒருமுறை மூடியைத் திறக்கச் சொல்லி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நகரத்து ஏ.சி. அறையில் திரையில் காட்டும் படத்தில் இந்தக் கலங்கல் வராது.

அமில நேர்த்தி மட்டும் வேறு விஷயம். எவ்வளவு அமிலம் என்பது தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகம் வெந்துவிடும். இதை 60 பேரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு பேர் ஒழுங்காகக் கற்றால் போதும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஊரில் இருக்கும் பையன்கள், பெண்கள் உங்களிடம் இருப்பார்கள். அவர்களை முழுப் படிப்புக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி வைத்து உறுப்பினர் வயல்களில் சேவை செய்ய விடுங்கள். அதில் ஒரு சிறு பங்கு நிறுவனத்துக்கு வரட்டும். 4 பேருக்கு நீண்ட பயிற்சி, மற்றவர்களுக்குப் பத்துப் பத்துப் பேராக வயலில் அரை நாள். இப்படிப் பிரித்தாலே ஏறக்குறைய மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்ப் பிரச்சினை காணாமல் போகிறது.

இன்னொன்று. மானியத்தில் குழாய் போட்டுக் கொடுத்த கம்பெனி, பொருத்திவிட்டுப் போவதோடு கடமை முடிந்துவிடாது. பயன்படுத்தும் முறையைச் சொல்லித்தருவதும், விற்பனைக்குப் பிந்தைய சேவையும் அவர்கள் பொறுப்பு. பணி நிறைவுச் சான்றில் விவசாயி கையெழுத்து வாங்கியபோது கொடுத்த காகிதங்களை எடுத்து, சேவைக் காலம் முடியாத உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் போடுங்கள். நிறுவனத்தின் பெயரில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம், நகல் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு. தனி விவசாயி போன் அடித்தால் எடுக்காதவர்கள், நாற்பது ஐம்பது பேர் பட்டியலோடு கடிதம் போனால் வண்டி அனுப்புவார்கள். ஏற்கெனவே உங்களுக்குக் கிடைக்க வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்தீர்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

அரசு பணமாகத் தராது, பயிற்சியாகத் தரும்

அரசிடம் நேரடியாகப் பணம் வாங்கி நாமே நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாக முடியாது. விவசாயிப் பயிற்சிக்கான அரசுப் பணம் பயிற்சி தரும் அமைப்புகள் வழியாகவே வருகிறது. நீங்கள் கேட்க வேண்டியது தொகையை அல்ல, எங்கள் ஊருக்கு, எங்கள் பிரச்சினைக்கு, எங்கள் ஆட்களுக்கு ஒரு பயிற்சி என்று.

அதற்கு முதல் கதவு அட்மா, அதாவது வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை. 2005-06 முதல் நடக்கும் திட்டம். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. விவசாயிப் பயிற்சி, கண்டுணர்வுச் சுற்றுலா, செயல்விளக்கம், பண்ணைப் பள்ளி எல்லாம் இதில் வரும். மாவட்ட ஆட்சியர் இதன் ஆட்சிக் குழுத் தலைவர். ஆனால் உங்களுக்கு உதவப்போவது வேளாண் விரிவாக்க மையத்தில் உட்கார்ந்திருக்கும் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர். வட்டார அளவில் விவசாயிகள் ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. எந்தத் தலைப்பில் பயிற்சி வேண்டும் என்று சொல்லும் இடம் அது. உங்கள் வட்டாரத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாதவர்களும் அதில் இருக்கலாம்.

இதில் எல்லோரும் கோட்டைவிடுவது நேரத்தை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அந்த வருடத்துக்கான செயல்திட்டம் அதற்கு முன்பே தயாராகிவிடும். மழைக்காலத்தில் போய்ப் பயிற்சி கேட்டால் 'திட்டத்தில் இல்லை' என்பார்கள், அவர்கள் சொல்வதும் உண்மை. தலைப்பு, பேர் பட்டியல், நடத்த ஏற்ற வயல், ஏற்ற மாதம் இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஜனவரிக்குள் கொடுத்துவிடுங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதையே மனுவாகக் கொடுங்கள், பதிவாகும். கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் வட்டாரத்தில் யார் யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் செய்யலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். முறைத்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. ஒரே பதினைந்து பேர் எல்லாப் பட்டியலிலும் இருந்தால் உங்கள் பட்டியலுக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, கே.வி.கே. எனப்படும் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. தங்கள் வளாகத்துக்கு வெளியே, ஊருக்கே வந்து பயிற்சி நடத்துவதும் அவர்கள் வேலைத் திட்டத்தில் உள்ளதுதான். அந்த அரை நாள் வயல் பயிற்சிக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதுங்கள். நீர் மாதிரியையும் கையோடு எடுத்துப்போய் சோதித்துத் தரக் கேளுங்கள்.

நான்கு இளைஞர்களுக்கு, பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் அந்த நுண்ணீர்ப் பாசனப் படிப்பு எங்கே நடக்கிறது என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள். ஆடு வளர்ப்பவர்கள், காளான், தேனீ என்று தனியாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு ஆர்செட்டி எனப்படும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வங்கிகள் நடத்துவது, பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்த பிறகு இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து, கடன் கிடைக்கவும் வழிசெய்வார்கள். இந்தத் தொடர் கவனிப்பு மற்ற பயிற்சிகளில் அபூர்வம். உங்கள் நிறுவனத்தில் ஏரிப் பாசன சங்கத்தில் இருப்பவர்களும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் திருச்சி துவாக்குடியில் இருக்கும் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையத்தை விசாரிக்கலாம்.

உங்களை உருவாக்கிய சி.பி.பி.ஓ.வை (CBBO, உழவர் நிறுவனங்களை அமைத்து வழிநடத்த இந்தத் திட்டத்தில் அமர்த்தப்பட்ட அமைப்பு) மறந்துவிட்டீர்கள். ஐந்து வருடம் வரை உங்களுக்குக் கைகொடுக்கத்தான் அரசு அவர்களுக்குப் பணம் தருகிறது. உறுப்பினர், இயக்குநர் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதும் அந்த வேலையில் அடங்கும். கடைசியாக எப்போது ஊருக்கு வந்தார்கள்?

எண்ணெய் ஆலையின் பணம்

சி.எஸ்.ஆர். பற்றி உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் இந்தக் கடமை இல்லை. நிகர மதிப்பு ரூ.500 கோடி, அல்லது விற்றுவரவு ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி, இதில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிதான் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2% செலவழிக்க வேண்டும். உங்கள் ஊர் ஆலை அந்த அளவு இருக்கிறதா?

இருந்தாலும் அந்தப் பணத்தை உங்கள் நிறுவனத்தின் கணக்கில் போட்டு 'நீங்களே நடத்துங்கள்' என்று சொல்ல முடியாது. 2021 ஏப்ரல் 1 முதல், சி.எஸ்.ஆர். வேலையை வெளியே கொடுப்பதென்றால் வாங்குபவர் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கற்ற 8ஆம் பிரிவுக் கம்பெனி போன்றவற்றுக்குத்தான் அந்தப் பதிவு. உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர்களுக்கு லாபம் பகிரும் கம்பெனி, அந்த வகையில் வராது. ஆனால் ஆலையே நேரடியாகப் பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்து உங்கள் உறுப்பினர்களுக்கு நடத்தலாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகவும் செய்யலாம்.

அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதே ஆலை உங்களிடம் கடலை வாங்குகிறது. தனக்குச் சரக்கு தருகிற விவசாயிகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், அது வழக்கமான வியாபாரத்தின் பகுதி, சி.எஸ்.ஆர். ஆகாது என்று அவர்களுடைய தணிக்கையாளரே சொல்லக்கூடும். அப்போது வியாபாரச் செலவாக எழுதிக்கொள்ளட்டும், உங்களுக்கு அதில் நஷ்டம் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பயிற்சிக்குக் கைமாறாக 'எங்களுக்கே விற்க வேண்டும்' என்ற வரி ஒப்பந்தத்தில் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தால், விலையைப் பேசித் தீர்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பட்டா இல்லாதவர்கள், இரவு தங்க முடியாதவர்கள்

சட்டத்தின் கண்ணில் உங்கள் குத்தகைதாரரும் ஆடு வளர்ப்பவரும் முழு உறுப்பினர்கள். விளைபொருள் சார்ந்த தொழில் செய்பவர் எவரும் 'உற்பத்தியாளர்', அதில் நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், மானியத்துக்குச் சிட்டா, அடங்கல் கேட்பதைப் பார்த்துப் பயிற்சிக்கும் கேட்பார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். இப்போது கொடுக்கும் விவசாயி அடையாள எண்ணும் நில ஆவணத்தோடு பிணைந்தது என்பதால் இந்தத் தயக்கம் இன்னும் கூடியிருக்கிறது. பட்டியல் கொடுக்கும்போது அவர்கள் பெயருக்கு நேரே உங்கள் நிறுவனத்தின் உறுப்பினர் எண்ணை எழுதுங்கள். யாராவது சிட்டா இல்லையென்று பெயரை அடித்தால், எந்த விதியின்படி என்று எழுதிக் கேளுங்கள்.

பெண்களைப் பொறுத்தவரை, அட்மா நெறிமுறையிலேயே குறைந்தது 30% நிதி பெண் விவசாயிகளுக்கான செயல்பாடுகளுக்கு என்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் விகிதத்தைவிட இடமும் நேரமும்தான் அவர்களைக் கூட்டிவரும். மாலை மூன்று மணிக்கு மாடு கறக்க வீடு திரும்ப வேண்டியவர் நகரத்து விடுதியில் தங்க மாட்டார். ஊரிலேயே, காலை பத்து முதல் ஒரு மணி வரை என்றால் வருவார். வயலில் குழாயைப் பார்ப்பதும் மடை மாற்றுவதும் பெரும்பாலும் பெண்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 60 பேர் பட்டியலில் பெண்கள் 9 பேர்தான். பட்டியல் போட்டது யார்?

நிறுவனத்தின் சொந்தப் பணத்தை இங்கே செலவழியுங்கள். சென்ற வருட உபரியில் ஒரு சிறு தொகையைப் பயிற்சிக்கென்று ஒதுக்கித் தீர்மானம் போடலாம். வேன் வாடகை, மதியச் சாப்பாடு, கூலி இழக்கும் பெண்களுக்கு அந்த அரை நாள் கூலி, உடைந்த அழுத்தமானிக்குப் பதில் புதியது, ஒரு மாதம் கழித்துப் பயிற்சியாளரை மறுபடி அழைத்து வரும் செலவு. அரசுப் பணம் பெரும்பாலும் எட்டாத இடங்கள் இவை, பயிற்சி வயலில் நிலைப்பதும் இவற்றால்தான்.

யார் நடத்தினாலும் வராதவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட விடாதீர்கள். பேனர், போட்டோ, பை, பிரியாணி என்று முடிகிற பயிற்சிகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் கச்சிதமாக இருக்கும். தணிக்கையில் அது பிரச்சினையானால் இயக்குநரான உங்களையும் கேட்பார்கள்.

கொழுந்தனார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். போனில் நல்ல விளக்கப் படங்கள் இருக்கின்றன, வடிகட்டி கழுவுவதையெல்லாம் அதில் பார்த்தே கற்கலாம். உங்கள் போர் தண்ணீருக்கு எவ்வளவு அமிலம் என்பதை மட்டும் அது சொல்லாது. அவரையே அந்த நீர் மாதிரியைக் கே.வி.கே.வுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டில், மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடித்த தண்ணீர். சர்வே எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும். முடிவு கைக்கு வந்த பிறகு கூட்டத்தில் தீர்மானத்தை எடுங்கள்.